போடி மலையடிவாரத்தின் மண்

தேனியிலிருந்து மேற்கே சென்று போடிநாயக்கனூரை அடைவோரை முதலில் வரவேற்பது ஏலக்காயின் மணமே. மலையில் விளையும் ஏலம் இந்நகருக்கு வந்து, காயின் பருமனும் நிறமும் பார்த்துத் தரம் பிரிக்கப்பட்டு, விலை கூறப்பட்டு, வெளிநாடுகளுக்கும் செல்லுகின்றது. ஆனால் அந்த மணம் பிறக்கும் மலையும், அது விலையாகும் ஊரும் ஒரே தன்மையுடைய மண்ணில் அமைந்தவை அல்ல. ஊரைச் சூழ்ந்த மாந்தோப்புகளையும் தென்னந்தோப்புகளையும் கடந்து, மலை எழும்பத் தொடங்கும் இடத்தில் நின்று பாருங்கள். காலின் கீழே சரளைக்கல். கண்ணுக்கு எட்டிய அளவும் முட்புதர். உசிலையும் வெள்வேலும் இங்கொன்றும் அங்கொன்றுமாக நிற்கும். அவற்றினிடையே ஆடுகள் மேயும். வேனிற்காலத்தில் இவ்விடத்தைக் காண்பவர், "ஈதென்ன, பாலைவனமா?" என்று கேட்பாராயின் அதில் வியப்பில்லை.

மாணவ நண்பர்களே! இந்தக் கேள்விக்கு விடை காண்பதே இன்றைய பேச்சின் நோக்கம். கேள்வி எளியது; ஆயினும் இதற்கு விடை கூறக் கண் மட்டும் போதாது. கடப்பாரையும் மண்வெட்டியும் வேண்டும். மனிதரைப் போலவே மண்ணையும் முகத்தை மட்டும் பார்த்து மதிப்பிடலாகாது.

மண் என்பது யாது? பாறை பொடிந்தால் மணல் உண்டாகும். அதுமட்டும் மண் ஆகிவிடாது. போடியை அடுத்த ஏலமலைப் பகுதியில் பெரிதும் காணப்படுவது சார்னோகைட் என்னும் கரும்பாறை. கல்கத்தாவில் அடக்கம் செய்யப்பட்ட ஜாப் சார்னாக் என்பவரின் கல்லறைக் கல் இந்த இனத்தைச் சேர்ந்தது என்பதனால், தாமஸ் ஹாலந்து என்ற நிலநூல் அறிஞர் இப்பாறைக்கு அப்பெயரை இட்டார். இப்பாறை வெயிலில் விரிந்தும் குளிரில் சுருங்கியும் வெடிக்கின்றது. வெடிப்பில் நீர் புகுகின்றது. நீர் பாறையிலுள்ள பெல்ஸ்பாரைக் களியாக மாற்றுகின்றது. இரும்பைத் துருவாக்கிச் செந்நிறம் ஊட்டுகின்றது. கரையாத படிகத் துகள்களை மணலாக விட்டுச் செல்கின்றது. பின்னர் புல் முளைக்கின்றது. இலை உதிர்ந்து மட்குகின்றது. மண்புழுவும் கரையானும் மேலதைக் கீழும் கீழதை மேலும் ஆக்குகின்றன. இவ்வாறு ஒரு சென்டிமீட்டர் மண் உருவாவதற்குச் சில நூறு ஆண்டுகள் செல்லும் என்பர்.

மண்ணைத் தனி ஓர் இயற்கைப் பொருளாகக் கருதி ஆராயும் வழியைக் காட்டியவர் இரஷ்ய அறிஞர் தொகுச்சாயெவ். அந்நாட்டுக் கருமண்ணைப் பற்றிய அவருடைய நூல் 1883ஆம் ஆண்டில் வெளிவந்தது. அவருக்குப் பின் ஹான்ஸ் ஜென்னி என்பார் 1941இல் எழுதிய நூலில், மண்ணை ஆக்கும் காரணிகள் ஐந்து என்று தெளிவுபடுத்தினார். தட்பவெப்பம், உயிரினம், நிலத்தின் சாய்வு, தாய்ப்பாறை, காலம் என்பன அவை. இவ்வைந்தையும் வகுப்பறைச் சுவரில் எழுதிவைத்துப் படிக்கலாம். ஆனால் போடியிலிருந்து போடிமெட்டுக்குச் செல்லும் மலைச்சாலையில் இவற்றைக் கண்ணாலேயே கண்டுகொள்ளலாம். அச்சாலை 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, 1,300 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தை அடைகின்றது. தாய்ப்பாறை பெரிதும் மாறுவதில்லை. மாறுவன மழையும், சாய்வும், மரமும். அவை மாற, மண்ணும் மாறுகின்றது.

மழை ஏன் மாறுகின்றது? சூன் மாதத்தில் அரபிக்கடலிலிருந்து வரும் தென்மேற்குக் காற்று, மலையின் மேற்குச் சரிவில் ஏறும்போது குளிர்ந்து, தன் நீர்ச்சுமையைக் கொட்டிவிடுகின்றது. அம்மேற்குப் புறத்தில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கும் அதிகமாக மழை பெறும் இடங்கள் பல. மலையைத் தாண்டிக் கிழக்கே இறங்கும் காற்றோ ஈரம் இழந்த காற்று. இறங்க இறங்க வெப்பம் ஏறும். மண்ணிலுள்ள ஈரத்தையும் உறிஞ்சும். ஆகவே மலைமுகட்டில் மேகம் தவழும் ஆடி மாதத்தில், அடிவாரத்தில் புழுதி பறப்பதைக் காண்கிறோம். சிறிது சாரல் எட்டிப் பார்க்கும், அவ்வளவே. போடிச் சமவெளி பெரிதும் நம்பியிருப்பது கோடை மழையையும், ஐப்பசி கார்த்திகையில் வரும் வடகிழக்குப் பருவ மழையையும்தான். இதனை மழை மறைவுப் பகுதி என்று புவியியல் நூல்கள் கூறும்.

இனி நாம் மூன்று குழிகள் வெட்டிப் பார்ப்போம். முதற் குழி சமவெளியில். மேலே ஒரு சாண் அளவு மணல் கலந்த செம்மண். அதன் கீழே நிறம் இன்னும் சிவந்து, பிடித்தால் விரலில் ஒட்டும் களிமிகுந்த அடுக்கு. மேலடுக்கின் நுண்ணிய களித்துகள்களை மழைநீர் மெல்ல மெல்லக் கீழே கொண்டுபோய்ச் சேர்த்ததன் விளைவு இது. இத்தகைய சேர்க்கைக்குப் பல்லாயிரம் ஆண்டுகள் வேண்டும். எனவே இது முதிர்ந்த மண். வேர் இறங்க ஆழமும், ஈரம் தங்கக் களியும் உள்ள இம்மண், நீர் கிடைத்தால் தோட்டமாகும். கிடைக்காவிடில் சோளமும் மொச்சையும் தரும்.

இரண்டாம் குழியை அடிவாரத்து மேய்ச்சல் நிலத்தில் வெட்டுவோம். வெட்டுவதற்கு முன் மேற்பரப்பைக் கூர்ந்து நோக்குங்கள். மண்ணைவிடக் கல்லே மிகுதி. கல் மேலே வந்ததன்று; கல்லிடையே இருந்த நுண்மண் போய்விட்டது. பெய்த மழையும் அடித்த காற்றும் பொடியை அள்ளிச் செல்ல, சுமக்க இயலாத கற்கள் எஞ்சித் தளம் பாவியதுபோல் கிடக்கின்றன. கல் இல்லாத இடங்களில் அப்பளம்போல ஒரு மெல்லிய ஓடு படிந்திருக்கும். புல்லின் காப்பு இல்லாத தரையில் மழைத்துளி நேரே மோதும்போது மண்கட்டிகள் சிதறுகின்றன. சிதறிய துகள் மண்ணின் துளைகளை அடைத்துக் காய்ந்து ஓடாகின்றது. அதன்மேல் பெய்யும் அடுத்த மழை உள்ளே இறங்காமல் ஓடிவிடுகின்றது. மழை பெய்தும் மண் நனையாத இந்நிலையே பாலைத்தன்மையின் தொடக்கம்.

இப்பொழுது வெட்டுவோம். ஒரு முழம் இறங்குவதற்குள் கடப்பாரை நொறுங்கிய பாறையில் மோதும். களி சேர்ந்த அடுக்கு இல்லை, அல்லது அற்பமாக உண்டு. மட்கிய பொருள் மிகக் குறைவு. ஆகவே நிறம் வெளிறியிருக்கும். சில இடங்களில் வெண்ணிறமான சுக்கான்கல் முடிச்சுகள் தென்படும். இச்சுக்கான்கல் மழை எழுதிவைத்த கணக்கு ஆகும். பாறையிலிருந்து கரைந்த சுண்ணாம்பை நீர் கீழே கொண்டு செல்லும். நீர் எந்த ஆழத்தில் வற்றுகின்றதோ அந்த ஆழத்தில் சுண்ணாம்பு படியும். மழை மிகுந்தால் ஆழத்தில் படியும். இன்னும் மிகுந்தால் ஆற்றோடு போய்விடும். குறைந்தால் மேலேயே நின்றுவிடும். அமெரிக்கச் சமவெளிகளில் மழைக்கும் சுண்ணாம்பு படிந்த ஆழத்திற்கும் உள்ள இந்த உறவை ஜென்னியும் லெனார்டும் 1934இல் அளந்து காட்டினர். ஐயமுள்ளோர் மண்ணின்மீது சிறிது எலுமிச்சைச் சாறு பிழிந்து பார்க்கலாம். நுரைத்துப் பொங்கினால் அங்கே சுண்ணாம்பு உண்டு.

மூன்றாம் குழி மலைமேல், ஏலக்காட்டின் நிழலில். இங்குக் கடப்பாரைக்கு வேலையில்லை. உதிர்ந்த இலைகளை விலக்கினால், கையால் அள்ளக்கூடிய கருமையான, பொலபொலவென்ற மண். சுண்ணாம்பின் சுவடே இல்லை. பெருமழை அதைக் கரைத்துக் கொண்டு போய்விட்டது. ஆதலின் மண் சற்றே அமிலத் தன்மையுடையது. ஏலச்செடியின் வேர்கள் ஆழச் செல்லாமல் மேல்மண்ணிலேயே பரவுவன. அச்செடி உயிர்வாழ்வது பாறையின் வளத்தால் அன்று. மேலே கவிந்த பெருமரங்கள் ஆண்டுதோறும் உதிர்க்கும் இலையின் வளத்தால்.

மூன்று குழிகளும் சில கல் தொலைவுக்குள் அடங்கியவை. மலைமுகட்டிலிருந்து பள்ளம்வரை மண்வகைகள் ஒன்றையொன்று தொடர்ந்து, சங்கிலியின் கண்ணிகளைப் போல அமைவதை ஜெப்ரி மில்ன் என்னும் அறிஞர் கிழக்கு ஆப்பிரிக்காவில் கண்டு, 1935இல் அதற்குச் சங்கிலி என்னும் பொருள் தரும் லத்தீன் பெயரையே சூட்டினார். சங்கிலி என்பது பொருத்தமான உவமை. மேற்கண்ணியில் மண் கரைந்தால் கீழ்க்கண்ணியில் அது மேடாகும். மேலே நீர் நின்றால் கீழே ஊற்றாகும். வைகையின் துணையாறுகளுள் ஒன்றாகிய கொட்டகுடி ஆறு, போடிக்கு மேலுள்ள இச்சரிவுகளில்தான் பிறக்கின்றது.

மண்ணை வகைப்படுத்தும் முயற்சி புதியதன்று. நம் உழவர் செவ்வல், கரிசல், வண்டல், களர், உவர் என்று பெயரிட்டு, இன்ன மண்ணுக்கு இன்ன பயிர் என்று கண்டனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், சென்னை மாகாணத்தின் இரயத்துவாரி நிலங்களில் வரி விதிக்க வந்த அதிகாரிகள் மண்ணை நிறத்தாலும் களி மணல் அளவாலும் பிரித்துத் 'தரம்' கட்டினர். லெதர் என்னும் வேளாண் வேதியியலார் 1898இல் இந்திய மண்களை வண்டல், கரிசல், செம்மண், சரளைமண் என நான்காக வகுத்தார். உழவர் வகுத்தது பயிருக்காக. அதிகாரி வகுத்தது வரிக்காக. மண் எவ்வாறு பிறந்தது, எந்நிலையில் உள்ளது என்பதற்காக வகுப்பது அறிவியல்.

அவ்வகையில் இன்று பல நாடுகள் பின்பற்றும் ஒரு முறை, அமெரிக்க வேளாண் துறை 1975இல் வெளியிட்ட மண் பாகுபாட்டு முறையாகும். அதன்படி உலகத்து மண்கள் இப்போது 12 பெருவகைகளாகப் பிரிக்கப்படுகின்றன. அடுக்குகள் தோன்றாத இளமண் என்டிசால் எனப்படும். அடுக்குகள் அரும்பத் தொடங்கியது இன்செப்டிசால். களி கீழிறங்கிச் சேர்ந்து, சத்தும் இழக்காத முதிர்மண் ஆல்பிசால். வெடித்துப் புரளும் கரிசல் வெர்டிசால். பாலைநிலத்தின் வறண்ட மண் அரிடிசால். தமிழ்நாட்டில் ஏறக்குறையப் பாதி நிலம் இன்செப்டிசால் வகையையும், மூன்றிலொரு பங்களவு ஆல்பிசால் வகையையும் சேர்ந்தது. இப்பெருவகைகள் மேலும் மேலும் பகுக்கப்பட்டு, இறுதியில் ஊர்ப்பெயர் தாங்கிய தொடர்களாக முடியும். கோயம்புத்தூரை அடுத்த இருகூரும் பீளமேடும் இவ்வாறு மண்ணின் பெயராகி, அறிவியல் ஏடுகளில் இடம்பெற்றுள்ளன.

இப்போது நம் கேள்விக்கு வருவோம். போடி அடிவாரத்து மேய்ச்சல் நிலம் பாலை மண்ணா? அரிடிசால் என்று ஒரு மண்ணை அழைப்பதற்குக் கடுமையான சோதனை உண்டு. ஆண்டில் பாதி நாட்களுக்கு மேல் அதன் வேர்ப்பகுதி முற்றும் வறண்டிருக்க வேண்டும். மேலும், வெப்பமான காலத்தில் தொடர்ந்து 90 நாட்கள்கூட ஈரம் நில்லாதிருக்க வேண்டும். ஆண்டுக்கு ஏறக்குறைய 200 மில்லிமீட்டர் மழை பெறும் ஜெய்சால்மர்ப் பகுதியில் இது இயல்பு. போடி அடிவாரம் பெறும் மழையோ அதைப்போல் மூன்று மடங்குக்குக் குறையாது. ஐப்பசி முதல் தை வரை ஈரம் காத்து நிற்க இங்கே வாய்ப்பு உண்டு. ஆகவே வானம் இதனைப் பாலையாக ஆக்கவில்லை. ஆழமற்ற, கல் மிகுந்த இம்மண் என்டிசால் அல்லது இன்செப்டிசால் என்னும் பெயருக்கே உரியது. அஃதாவது, இது இளமண். சரிவில் இருப்பதால் இயல்பாகவே இதன் வளர்ச்சி மெதுவானது. அதனோடு, வளர வளர மேல்தோல் உரிக்கப்பட்டுவருவதால் இளமையிலேயே நின்றுவிட்ட மண்.

நம் முன்னோர் இவ்வுண்மையை வேறொரு வழியில் உணர்ந்திருந்தனர். நிலத்தைப் பகுத்த தொல்காப்பியம் பாலைக்கென்று தனி நிலம் வகுக்கவில்லை. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து துயருறும்போது கொள்ளும் வடிவமே பாலை என்று சிலப்பதிகாரம் கூறுகின்றது. மலையும் காடும் சந்திக்கும் இவ்வடிவாரத்தில் நின்று நோக்கும்போது, அக்கூற்றின் பொருள் நன்கு விளங்குகின்றது. பாலை, பிறப்பினால் அமைந்த நிலம் அன்று. நேர்ந்துவிட்ட ஒரு நிலை. நேர்ந்தது என்றால், அதற்குக் காரணம் உண்டு. காரணம் உண்டென்றால், மாற்றும் உண்டு.

பெயர் தவறாக இருந்தால் நடத்தையும் தவறாகிவிடுகின்றது. வருவாய்த்துறை ஏடுகளில் இத்தகைய நிலங்கள் தரிசு, கல்லாங்குத்து, மேய்க்கால் புறம்போக்கு என்று எழுதப்படுகின்றன. தரிசு என்றால் பயனற்றது என்பது பலர் எண்ணம். பயனற்ற நிலத்தில் கல் உடைக்கலாம், மண் அள்ளலாம், குப்பை கொட்டலாம், தீயும் வைக்கலாம் என்றாகிவிடுகின்றது. ஆனால் இதனை நம்பியே ஆட்டுக்கிடைகளும், மலைமாடுகளும் வாழ்கின்றன. 2022ஆம் ஆண்டில் சென்னை உயர்நீதிமன்றம் முதலில் தமிழகக் காடுகள் அனைத்திலும் கால்நடை மேய்ச்சலைத் தடை செய்தது. பின்னர் அத்தடையைத் தேசியப் பூங்கா, வனவிலங்குச் சரணாலயம், புலிகள் காப்பகம் ஆகியவற்றோடு வரையறுத்தது. காட்டைக் காப்பது கடமையே. ஆயினும், காட்டின் வாயில் அடைபட்ட மந்தைகளுக்கு எஞ்சுவது அடிவாரத்துப் புறம்போக்குதான். ஒரு முழ ஆழமுள்ள மண்ணின்மீது முன்னினும் மிகுதியான குளம்புகள் விழுந்தால் என்ன நேரும் என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

தீயின் கொடுமை மற்றொன்று. அடிவாரத்திற்கு மேலே, சரிவின் நடுப்பகுதியில் ஆளுயரப் புல் வளர்ந்து மாசியில் காய்ந்து நிற்கும். 2018ஆம் ஆண்டு மார்ச்சு 11 அன்று குரங்கணி மலையில் அத்தகைய புல்லில் பரவிய தீயில் சிக்கி, மலையேறச் சென்றிருந்தவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அத்துயரை நாடு மறவாது. உயிர்ச்சேதம் இல்லாத தீயை நாம் கணக்கில் எடுப்பதில்லை. ஆனால் மாசியில் எரிந்த சரிவின்மேல் சித்திரையில் கோடைமழை வீழும்போது, மண்ணைப் பிடித்துக்கொள்ளப் புல் இராது. பல நூறு ஆண்டுகளில் உருவான மண் ஒரு பிற்பகலில் ஓடையில் இறங்கிவிடும்.

மலைமேலுள்ள மண்ணுக்கும் இடர் இல்லாமல் இல்லை. ஏலத்தின் விளைவைப் பெருக்க நிழல்மரங்களை அளவு மீறிக் கழித்தால், இலை உதிர்வது குறையும், வெயில் தரையைத் தொடும், கருமண் வெளிறும். வளமான மண் என்ற நற்பெயர் அதனைக் காப்பாற்றாது. குறிஞ்சி திரிவதும் இவ்வாறே.

அப்படியாயின், வறண்ட மேய்ச்சல் மண்ணைக் கெடாமல் பயன்படுத்த இயலுமா? இயலும் என்பதற்குச் சான்று நம் நாட்டிலேயே உண்டு. காங்கேயம் பகுதியில் கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலங்கள் உள்ளன. அங்கும் மழை குறைவு, மண் சரளை. ஆயினும் உழவர் கிளுவை வேலி இட்டு நிலத்தைப் பல பகுதிகளாகப் பிரித்து, ஒன்றில் மேயவிட்டு மற்றொன்றுக்கு ஓய்வு தருகின்றனர். வெள்வேல் நிழல் தரும். அதன் நெற்று தீவனமாகும். தரையில் கொழுக்கட்டைப்புல் தூர் பிடித்து நிற்கும். இராஜஸ்தானத்து வறண்ட மேய்ச்சல் நிலங்களைத் தாங்குவதும் இதே புல்தான் என்பது குறிப்பிடத்தக்கது. காங்கேயம் காளையின் புகழுக்குப் பின்னால் இந்தப் புல்லும், அந்தப் புல்லுக்குப் பின்னால் இந்த ஓய்வும் இருக்கின்றன. மண்ணுக்கு வேண்டியது மேய்ச்சல் இன்மையன்று. மேய்ச்சலுக்கு இடையே ஒரு மூச்சு.

மாணவர்களே! உங்கள் ஊரிலும் 'ஒன்றுக்கும் உதவாத' நிலம் என்று ஒன்று இருக்கும். விடுமுறை நாளில் அங்கே செல்லுங்கள். நிலத்தின் உரிமையாளரிடம் சொல்லி, ஒரு முழக் குழி வெட்டுங்கள். அடுக்குகளின் நிறத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு பிடி மண்ணைக் கண்ணாடிப் புட்டியில் இட்டு, நீர் ஊற்றிக் குலுக்கி வையுங்கள். மணல் ஒரு நிமிடத்தில் படியும். வண்டல் சில மணி நேரத்தில் படியும். களி அடங்க ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம். இருபுறமும் திறந்த தகரக் குவளை ஒன்றைப் புல்லுள்ள தரையிலும் ஓடு கட்டிய தரையிலும் மாறி மாறிப் பதித்து, ஒரே அளவு நீர் ஊற்றி, அது இறங்கும் நேரத்தைக் கணக்கிடுங்கள். பின்னர் வேலி அடைத்துக் காத்த இடம் ஏதேனும் அருகில் இருந்தால் அங்கும் இவற்றையே செய்து பாருங்கள்.

இரண்டு கணக்குகளுக்கும் வேறுபாடு தென்பட்டால், அவ்வேறுபாடு வானத்தால் வந்ததன்று என்பதை நீங்களே அறிவீர்கள். அதன்பின் அந்நிலத்தைத் தரிசு என்று அழைக்க உங்கள் நா எழாது.